தாடை அச்சு

வாயைத் திற என்றார்கள், திறந்தார். மூடு என்றார்கள், மூடினார். இப்போது இரண்டும் கூடாதாம். கீழ்த் தாடையை மேசை டிராயர் மாதிரி முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, வாய் நிறைய ஊதா மாவோடு, மேசைமேல் இருக்கிற சின்னக் கடிகாரம் மணியடிக்கிற வரைக்கும் அசையாமல் கிடக்க வேண்டும். "அழுத்தியும் கடிக்கக் கூடாதுங்க ஐயா, விட்டுடவும் கூடாது. இப்ப வெச்சிருக்கீங்களே, இதே நிலை. தாடை பின்னால போயிட்டா அச்சு வீணாயிரும், மறுபடி முதல்ல இருந்து எடுக்கணும்." சொல்லிவிட்டு அந்தப் பெண் பக்கத்து அறையில் யாருக்கோ பல் பிடுங்கப் போய்விட்டாள். டாக்டர் என்று போர்டில் இருக்கிறது. பார்த்தால் மகள் கோகிலவாணியைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். மாவு புதினா வாசம் அடித்தது. புதினாவுக்கு அடியில் டயர் வாசம். எச்சில் ஊறியது. விழுங்கலாமா கூடாதா, அதை அவள் சொல்லவில்லை. கேட்பதற்கு வாய் இல்லை. எழுபது தாண்டிய ஒரு மனுஷனைப் படுக்கப் போட்டு, மாருக்கு மேல் பிளாஸ்டிக் துண்டைக் கட்டி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தோரணையில் வாயில் மாவைத் திணித்து, எதற்கு? தூக்கத்தில் சத்தம் போடுகிறாராம். தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? வேறு எந்தக் குற்றமானாலும் செய்தவனுக்காவது தெரிந்திருக்கும். இது ஒன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, செய்தவனுக்கு மட்டும் தெரியாத குற்றம். மருதாசலம் தன் குறட்டையை ஒரு நாளும் கேட்டதில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை. ஒப்புக்கொள்ளாமலேதான் இந்த நாற்காலியில் வந்து படுத்திருக்கிறார். அதுதான் கேவலம்.

முதலில் அந்தப் பெண் முகமூடியோடு பேசினாள். பச்சைத் துணிக்குப் பின்னால் ஏதோ அசைந்தது, ஒன்றும் விளங்கவில்லை. "அதக் கழட்டிட்டுப் பேசு" என்றார். அவர் மனைவி துளசிமணி குறுக்கே விழுந்து, "மில்லுல இருந்தவருங்க அம்மணி. காது மந்தம். வாயப் பாத்தாத்தான் புரியும்" என்றாள். மந்தமாம். மந்தம் இல்லை, தேய்மானம். ஸ்பின்னிங்கில் மேஸ்திரியாக நின்ற காது. வரிசை வரிசையாய் எந்திரம் ஓடுகிற கூடத்தில் யாரும் காதால் கேட்டதில்லை, உதட்டைப் பார்ப்பார்கள். அந்தக் கோடியில் நூல் அறுந்தது, மேனேஜர் வருகிறார், இன்றைக்கு உன் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் உதட்டில்தான். ஆளும் பேருமாய் ஆளுக்கொரு மூலையில் நின்று சத்தமே இல்லாமல் வைதுகொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள். தொண்டையை யாரும் செலவழிப்பதில்லை. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. தொண்டையைச் செலவழிக்காத பாதி. உதட்டைப் பார்க்கிற பாதி மில் கேட்டோடு நின்றுவிட்டது. துளசிமணி பேசினால் அவர் தட்டைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார், செருப்பைத் தேடுவார். ம் என்பார். ஒரு வீட்டை ஓட்ட ம் போதும். ஓட்டியும் காட்டினார். யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அந்த நேரம் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

தூக்கத்தைப் பற்றி அவருக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். மூன்றாவது ஷிப்டு ஆள் அவர். ஊர் படுக்கும்போது நிற்பார், ஊர் எழும்போது படுப்பார். காலையில் வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் முடியிலிருந்து பஞ்சு பஞ்சாய்ப் போகும், மூக்கைச் சிந்தினால் பஞ்சு, காறினால் பஞ்சு. சோற்றை உண்டு அறைக் கதவைச் சாத்தினால் அதற்கப்புறம் வீடு செத்துவிட வேண்டும். செத்தது. அதில் துளசிமணியைக் குறை சொல்லக் கூடாது. குக்கருக்குக் குண்டு போடமாட்டாள். விசில் அடித்தால் முழித்துக்கொள்வாரே என்று குக்கரை வெறும் மூடி போட்ட பாத்திரமாக்கி, பருப்பு வேகிற வரைக்கும் அடுப்படியிலேயே நிற்பாள். தேங்காயை எதிர் வீட்டில் கொண்டுபோய் உடைத்து வாங்கி வருவாள். வெளிக்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். கோகிலவாணி நடை பழகியதே நுனிக்காலில்தான். "அப்பா தூங்குது, சத்தம் போடாத, பொட்டாட்ட இரு." குழந்தை கோர்வையாய்ப் பேசிய முதல் பேச்சே அதுதான் என்று துளசிமணி ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தால் சொல்லிச் சிரிப்பாள். அவரும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை எவர்சில்வர் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. எழுந்து வந்தார். கை நீட்டவில்லை, அந்த வழக்கமே அவருக்குக் கிடையாது. டம்ளரை எடுத்து வாசலைத் தாண்டி வீசினார், திரும்பிப் போய்ப் படுத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் டம்ளர் விழவில்லை. சம்பாதித்த தூக்கம் அது. பஞ்சைத் தின்று சம்பாதித்தது. அப்படிக் காவல் காத்த தூக்கத்தைத்தான் இன்றைக்கு இந்த வீட்டுக்காரர்களே குற்றவாளி ஆக்கி டாக்டரிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

எச்சில் தொண்டைக்கு வந்துவிட்டது. விழுங்கினார். தாடை அசையவில்லை. அசையாமல் விழுங்க முடிகிறது, பரவாயில்லை. கடிகாரத்தை இங்கிருந்து பார்க்க முடியவில்லை. மேலே விளக்கு, விளக்கின் வட்டக் கண்ணாடியில் ஊதிப்போன ஒரு முகம், கீழ் உதடு பிதுங்கி, எதிர்த்துப் பேசப்போகிற ஆள் மாதிரி. யார் இந்தக் கிழவன். இந்த அச்செடுக்கிற யோசனையே கோகிலவாணியுடையது. மாப்பிள்ளை மஸ்கட் போகிறார், இவள் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து இருக்கப் போகிறாள், வருகிற மாதமே. வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்று அவருடையது. இன்னொன்று கோகிலவாணியுடையதாக இருந்தது, அவளுக்குக் கல்யாணமாகிப் போன மறு வாரம் துளசிமணி தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். "உங்க குறட்டையில கண்ண மூட முடியலீங்க. நாலு நாள் அங்க படுத்துப் பாக்கறேன்" என்றாள். அந்த நாலு நாள் பத்து வருஷமாக ஓடுகிறது. இப்போது அறையைப் பிள்ளைகளுக்கு விட வேண்டும். "நான் உங்களோட கீழ பாய் போட்டுப் படுத்துக்கறேன் கண்ணு" என்று துளசிமணி சொல்ல, "முட்டிவலிய வெச்சுட்டுக் கீழயா? அப்பா ரூமுல கட்டில் இருக்குது, பேசாம அங்க படு. அந்தக் குறட்டைக்கு ஒரு வழி பண்ணிரலாம்" என்று மகள் சொல்ல, அந்த வழிதான் இந்த ஊதா மாவு. மகள் ஏற்பாடு. அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மருதாசலம் ஒன்றை மாட்டேன் என்று சொல்லாமல் விட்டார் என்றால் அது அவருக்கு வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை இந்த மாவு வாயில் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டார். சில நாள் தூக்கம் உடைகிறது. சும்மா உடைவதில்லை. தொண்டைக்குள் யாரோ ஒரு பிடி பஞ்சை அமுக்கி வைத்த மாதிரி. இழுத்தால் வராது. இழுத்து இழுத்து, நெஞ்சு விலாவோடு ஒட்டி, பிறகு ஒரு கிழிசல் சத்தம், மூச்சு வரும். சட்டை நனைந்திருக்கும். பக்கத்தில் கையை வைப்பார், விரிப்பு ஜில்லென்று இருக்கும். அந்த இடம் பத்து வருஷமாக ஜில்லென்றுதான் இருக்கிறது. எழுந்து போய்த் துளசிமணி படுக்கிற அறைக் கதவருகே நிற்பார். அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள், அவர் அறையில் அது நடக்காது. தட்டலாம். தட்டி என்ன சொல்வது? பயமாயிருக்குது என்றா? தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பார், படுக்கப் பயந்து. ஒரு நாள் அந்தப் பஞ்சு வெளியே வராது. அப்படியே போய்விடும். காலையில் காப்பியோடு வந்து எழுப்பினால்தான் தெரியும், அதுவும் அவள் இரண்டு தடவை கூப்பிட்டு, தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போன பிற்பாடு. அந்த வீட்டில் தூங்குகிற மனுஷனை யாரும் எழுப்பமாட்டார்கள். அவரே வைத்த சட்டம். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பேச வேண்டாம், தொட வேண்டாம், மூச்சு நின்றால் உலுக்குவதற்கு ஒரு கை. அதற்குத்தான் வாயில் மாவு. "தூக்கத்துல மூச்சு நின்னு முழிக்கறீங்களா ஐயா? அப்படி இருந்தா வேற டெஸ்ட் எடுக்கணும்" என்று அந்தப் பெண் கேட்டாள். "இல்ல" என்றார். துளசிமணியைப் பார்த்துக் கேட்டாள். "நான் அந்த ரூமுல படுக்கறதில்லீங்க அம்மணி" என்றாள். வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மூன்று சாமானைத் தட்டில் வைத்துக் காட்டினாள் அந்தப் பெண். ஒன்று வெந்நீரில் போட்டால் இளகுகிறது, எடுத்துக் கடித்தால் பல் பதிந்துகொள்கிறது. அது பழைய கதை. கோகிலவாணி போன மாதமே தபாலில் ஒன்று அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு சீட்டு, பொடி எழுத்து. எவன் படிப்பான். கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டுச் செய்தித்தாளை எடுத்தார். திரும்பிப் பார்த்தபோது அது வெயிலில் கிடந்த செருப்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. துளசிமணி எட்டிப் பார்த்து, "போனாப் போகுது, விடுங்க" என்றாள். இரண்டாவது சாமான் நாக்குக்கு. பால்குடிப் பிள்ளை வாயில் வைக்கிற ரப்பர் மாதிரியே இருந்தது, அதற்குள் நாக்கை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு தூங்க வேண்டுமாம். "காளி மாதிரியா?" என்றார். அந்தப் பெண் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது அளவெடுத்துச் செய்வது. மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று, கீழ்த் தாடையை முன்னால் தள்ளி நிறுத்திவிடும், தொண்டை அடைக்காது. "நல்லா கேக்குமுங்க. நூத்துக்கு நூறு சத்தம் நின்னுரும்னு சொல்லமாட்டேன். ஆனா அம்மா பக்கத்துல நிம்மதியாத் தூங்கலாம்." துளசிமணி ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். "இது ஈறைக் குத்துமுங்களே." "பழகிடும்மா." "இது வாயி புண்ணாக்கிராதுங்களா?" "ஆகாதும்மா." "தூக்கத்துல முழுங்கிப்போட்டாருன்னா?" "முழுங்க முடியாதும்மா, இத்தன பெருசு." "தாடை இப்படித் துருத்திட்டு இருந்தா வலிக்குமே, பாவம்." பாவமாம். அந்தச் சொல்லில் மருதாசலத்துக்கு நெஞ்சில் எங்கோ ஒரு நூல் இழுத்தது. பார்க்காத மாதிரி அந்தப் பிளாஸ்டிக் பல்செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கறை. இத்தனை வருஷத்துக்கப்புறம் அக்கறை. அந்தச் சூட்டில்தான் அவர் மூன்றாவதைக் காட்டி, "இதையே செய்யி" என்றது. இரண்டு வார்த்தை. துளசிமணி தட்டை மேசைமேல் வைத்தாள். வைத்த பின்னும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

தாடை கனக்க ஆரம்பித்தது. காதுக்குக் கீழே ஒரு புள்ளியில் வலி. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று சொல்லவில்லை, கண்ணைத் திருப்பலாம் நிச்சயமாய். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வெளி பெஞ்சில், துளசிமணி போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் இந்தப் பக்கம். கோகிலவாணியாகத்தான் இருக்கும். அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள், பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு ஆட்டுகிற மாதிரி. அவர் இமையை ஒருதரம் மூடித் திறந்தார். அவள் பேச்சைத் தொடர்ந்தாள். கண்ணாடி, தேய்ந்த காது, பக்கத்து அறையில் பல் குடைகிற எந்திரம், எந்தச் சத்தமும் வராது. சத்தம் வேண்டியதில்லையே. வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, தட்டு இல்லை, டிவி இல்லை. உதட்டைப் பார்த்தார். முதலில் விளையாட்டாகத்தான். மாவ வெச்சிருக்காங்க. இறுகோணுமாமா. அட, வருகிறதே. எத்தனை வருஷமாயிற்று. விட்டுப்போன சைக்கிள் மாதிரி, ஏறினதும் ஓடுகிறது. சில எழுத்து உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும், முன்பின் வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும், அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இத்தனை அசைகிற உதடா இவளுக்கு? குறட்டை நின்னுருமாமா கண்ணு. டாக்டர் புள்ளை சொல்லுது. கொஞ்சம் நிறுத்தினாள், அங்கிருந்து மகள் ஏதோ சொல்லியிருப்பாள். பிறகு துளசிமணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். எனக்குத்தான் பயமாயிருக்குது.

அவர் தவறாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்தார். இல்லை. எனக்குத்தான் பயமாயிருக்குது கண்ணு, குறட்டை நின்னுபோச்சுன்னா நான் என்னன்னு சொல்லி அந்த ரூமுக்குப் போகாம இருக்கறது? மறுபடி நிறுத்தல். துளசிமணி தலையை ஆட்டினாள், அது இல்ல, அது இல்ல. குறட்டையில எனக்கென்ன வந்துது. அதுபாட்டுக்கு மில்லுச் சங்கு மாதிரி ஊதிட்டுப் போகுது. அவரு தூங்கறாருன்னா எனக்கு நிம்மதிதான். அவரு முழிச்சுக்குவாரோன்னுதான். விரலால் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள். அங்க படுத்தா நான் மறுக்காலும் மூச்சக் கையில புடிச்சுட்டுப் படுக்கோணும். பொரண்டு படுத்தாக் கட்டில் கீச்சுங்கும். இருமல் வந்தா வாய்க்குள்ள துணிய வெச்சுக்கோணும். வளையலக் கழட்டி வெச்சுட்டுத்தான் படுப்பேன், உனக்குத் தெரியாது. இந்தப் பத்து வருசமாத்தான் கண்ணு நான் காலை நீட்டிப் படுக்கறேன். நடுச்சாமத்துல எனக்குத் தோணுனா லைட்டப் போடறேன், தோணுனா அணைக்கறேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் உதடு அகன்று எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நல்ல மனுசன்தான், யாரு இல்லீனா. ஒரு நாள் கை வெச்சதில்ல. ஆனா கீழ பாயில படுத்து முட்டி போனாலும் போகுது, நான் உங்களோடயே கெடக்கறேன். அங்க வேண்டாஞ் சாமி. அப்பாகிட்டச் சொல்லீராத. பிறகு இந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் தன்மேல் இருப்பதைப் பார்த்து மறுபடியும் கையை ஆட்டினாள்.

எச்சில் ஊறியது, விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்து பிளாஸ்டிக் துண்டில் சொட்டியது. வளையலைக் கழட்டி வைத்துவிட்டு. எப்போது? எந்த இடத்தில் வைப்பாள்? அவருக்குத் தெரியாது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பழி சொன்னார்கள் என்று எரிந்துகொண்டிருந்தாரே, செய்யாத குற்றத்துக்குப் பழி என்று, அது பழியே இல்லை. அது மரியாதை. வேறு எதையும் சொல்ல வேண்டாம் என்று குறட்டையைச் சொல்லியிருக்கிறாள். ரப்பர் சுருண்டு போனபோது போனாப் போகுது என்றது. ஈறைக் குத்துமுங்களே என்றது. முழுங்கிப்போட்டாருன்னா என்றது. பாவம் என்றது. த்தூ, அதற்கு ஒரு நூல் இழுத்ததாம் நெஞ்சில். எழுந்து போய் அந்தக் கண்ணாடியைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கலாம். என்ன கேட்பது? கேட்டால் அவள் பயந்து போனைக் கீழே போடுவாள். போன் உடைகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கும் அவள்தான் நடுங்குவாள். நான் என்ன செய்தேன்? உழைத்தேன், உறங்கினேன். வேறு என்ன செய்தேன்? சரி, அச்சு நன்றாக இறுகட்டும். சாமானைச் செய்து வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல் படுப்போம். வேறு வழியில்லாமல் வருவாள். வந்து படுப்பாள், வளையலைக் கழட்டி வைத்துவிட்டு. அவர் தூங்குவார். அவள் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள், நிற்கிறதா என்று இல்லை, முழிக்கிறாரா என்று. பஞ்சு தொண்டையை அடைக்கிற நாளில் அந்த அமைதி அவளுக்கு நல்ல தூக்கமாகத்தான் கேட்கும். உலுக்கமாட்டாள். தூங்குகிற மனுஷனை எழுப்புகிற கை இல்லை அது. அந்தக் கையை எண்ணெய் விட்டுப் பழக்கியவரே அவர்தான். அப்படியானால் இந்த மாவு யாருக்கு? வலி காதிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு ஏறியிருந்தது. மாவு இன்னும் முழுக்க இறுகவில்லை, நாக்கால் தொட்டால் கொஞ்சம் கொடுக்கிறது. மருதாசலம் தாடையைப் பின்னால் விட்டார். தவறிப்போய் இல்லை. தெரிந்தேதான் விட்டார். டிராயரை உள்ளே தள்ளி மூடுகிற மாதிரி, மெதுவாக, அது போய்ச் சேருகிற பழைய இடத்துக்கே. வலி நின்றது. அப்படியே வைத்துக்கொண்டார். மாவு அந்த இடத்தில் இறுகியது. அவளுக்காகச் செய்தாரா, கொடுக்காததைக் கேட்டு நின்றவன் என்ற பேர் வேண்டாம் என்று செய்தாரா, அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கடிகாரம் மணியடித்தது.

அந்தப் பெண் வந்தாள். அச்சை வெளியே இழுத்து விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். துளசிமணியும் உள்ளே வந்து நின்றாள்.

"ஐயா, தாடை பின்னால போயிருச்சே."

"ம்."

"பரவால்லீங்க, முதல் தடவை எல்லாருக்கும் நடக்கறதுதான். அஞ்சு நிமிசம் வாய ஆத்திட்டு இன்னொரு அச்சு எடுத்துரலாம்."

"வேண்டாம்."

"ஐயா, அத்தன கஷ்டமா இருக்காதுங்க…"

"எனக்குச் சேராது. விடு."

"வேண்டாம்னா விட்டுருங்க அம்மணி" என்று துளசிமணி அவசரமாகச் சொன்னாள். "அவருக்கு இதெல்லாம் ஆகறதில்ல. புடிக்காததப் பண்ணி என்ன பண்றது. குறட்டைதானுங்களே, இத்தன வருசம் போனது இன்னமும் போவுது." குரல் சன்னமாக, அவசரமாக, வாசல்வரை வந்த கடன்காரன் திரும்பிப் போனதைப் பார்த்தவள் குரல். அந்தப் பெண் ஒரு முறை துளசிமணியைப் பார்த்தாள், ஒரு முறை அவரைப் பார்த்தாள். "அப்ப ஐயா ஒருக்களிச்சாவது படுங்க" என்றாள். மருதாசலம் கடைவாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

பஸ்ஸில் துளசிமணி அவர் காதோரம் பேசிக்கொண்டே வந்தாள். சிங்காநல்லூரில் ஏறினதிலிருந்து வாய் மூடவில்லை. கோகிலவாணியின் மூத்தவன் கத்திரிக்காய் தொடமாட்டானாம், சின்னவளுக்கு ஒரு சைக்கிள் பார்த்து வைக்க வேண்டுமாம், பேக்கரி வாசலில் பார்த்த அந்தம்மா யாரு தெரியுதுங்களா, நம்ம பழைய வீட்டு எதிர்வீட்டுக்காரி. இறங்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டும்போதும் விடவில்லை. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. சந்தோஷமாயிருக்கிறாள். பொம்பளையைச் சந்தோஷப்படுத்துவது இத்தனை சுலபம் என்று தெரியாமல் போயிற்று. அவள் பேசும்போது அவர் ரோட்டைப் பார்த்தார், பஸ் நம்பரைப் பார்த்தார். உதட்டைப் பார்க்கவில்லை. "வாய் வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றார். "வெந்நி வெச்சுத் தாறேன், கொப்புளிச்சுப் போட்டுச் செத்த படுங்க. மத்தியானத்துக்குப் பருப்பு போட்டுக் கீரை கடையறேன்."

படுத்தார். அறைக் கதவு திறந்தே இருந்தது, படுக்கையிலிருந்து அடுப்படி தெரியும். எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். துளசிமணி பருப்பைக் கழுவி ஊற்றி, தட்டு தட்டில் படாமல் எடுத்து, குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள். குண்டு போடவில்லை. குண்டு ஜன்னல் திட்டில் கிடந்தது, மேலே தூசி. மில்லை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும் அவள் குண்டு போடுவதில்லை, அதை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். மூடியின் துவாரத்தில் ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"குண்டைப் போடு" என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏனுங்க, தூங்கலீங்களா? சத்தம் வருதுங்களா?"

"குண்டைப் போடு."

"செத்த நேரத்துல வெந்துருமுங்க. நீங்க கண்ண மூடுங்க, நான் கம்முனு…"

"போடுன்னாப் போடேன்!"

கத்திவிட்டார். வேறு விதமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. டம்ளர் வீசிய அன்றைக்கு இருந்த அதே குரல். துளசிமணி ஓடிப்போய்க் குண்டை எடுத்து, தலைப்பால் துடைத்து, ஆவியில் விரலைச் சுட்டுக்கொண்டு அதைப் போட்டாள். உஸ் என்றுகூடச் சொல்லவில்லை, விரலை வாயில் வைத்துக்கொண்டாள். மருதாசலம் மல்லாந்து கிடந்து காத்திருந்தார். வரட்டும். ஒரு தடவை இந்த வீட்டில் விசில் அடிக்கட்டும், ஊரெல்லாம் அடிக்கிற மாதிரி. அடித்தால் சொல்ல ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. என்ன என்று தெரியவில்லை, அடித்தால் வந்துவிடும். தன்னை அறியாமல் கீழ்த் தாடையை முன்னால் தள்ளிப் பிடித்திருந்தார். ஆவி அடங்கியது. துளசிமணி குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கை அடுப்புத் திருகாணிமேல். குண்டு லேசாக அசைந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, ஆடி, எழும்பப் போனது. அவள் கை தானாகத் திருகியது. அடுப்பு அணைந்தது. குண்டு உட்கார்ந்துவிட்டது.

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் நுனிக்காலில் வந்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.